கம்ப்யூட்டருக்குக் கட்டிய திருஷ்டி முடிச்சு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் தமிழில் எப்படியோ கரையேறினவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, படிக்கிறவர்களுக்குச் செய்கிற அக்கிரமம் என்று எனக்கே தெரிகிறது. கடைக்கு வருகிறவர்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச எனக்கு வராது. தாள் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். விஷயமும் பெரிதில்லை. வண்டிகளுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் ஏறுகிற பச்சைக் களிம்பைத் தேய்த்து எடுப்பது என் வேலை. அதைப் பற்றி எழுதச் சொல்லி ஊரில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் என் கடை. கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மேசை, ஒரு விளக்கு, பூதக்கண்ணாடி ஒன்று, சால்டரிங் கம்பி. அவ்வளவுதான். இப்போது வருகிற வண்டி எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று அதுதான் கணக்குப் போடும். எங்கள் ஊரில் அதற்குக் கம்ப்யூட்டர் என்று பெயர். அதற்குள் ஈரம் போனால் செம்புக் கோடுகளில் பச்சை பூக்கும். பச்சை பூத்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். பெட்டியின் நாலு திருகாணியைக் கழற்றி, ஓரத்துப் பசையைப் பிளேடால் அறுத்து, போர்டை வெளியே எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அரித்துப்போன கோட்டுக்குப் பதிலாக முடி போன்ற கம்பியை ஓட்ட வேண்டும். பிறகு என் மனைவி தன் தலைக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஹேர் டிரையரால் காயவைத்து, வார்னிஷ் பூசி மூட வேண்டும். அந்த டிரையர் அவள் தலையை இதுவரை இரண்டு தடவை பார்த்திருக்கும்.

இந்த ஊர் இருக்கிறவரை எனக்கு வேலைக்குப் பஞ்சம் வராது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் குளிப்பாட்டுகிறோம் என்று பம்ப் செட் பைப்பை பானெட்டுக்குள்ளேயே விடுவார்கள். சாமிக்கு அபிஷேகம் செய்கிறவர்களாவது மூக்குக்குள் குழாயை வைக்க மாட்டார்கள். பௌர்ணமி முடிந்த மறுநாள் வருகிற வண்டிகளில் சாம்பார் சாதம் இருக்கும். கிரிவலப் பாதையில் அன்னதானமாக வாங்கிய தொன்னையைச் சீட்டில் வைத்துவிட்டு இன்னொரு பந்தலுக்கு ஓடியிருப்பார்கள். ரமணாசிரமம் பக்கம் டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், வெளிநாட்டுக்காரர்களுக்கு மனநிம்மதி வரவேண்டும் என்று டாஷ்போர்டின் மேல் உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிட்டிருந்தார். முதல் வேகத்தடையிலேயே அந்த நிம்மதி உள்ளே இறங்கிவிட்டது.

போர்டைப் பார்த்ததும் எது சிந்தியது என்று சொல்லிவிடுவேன். காபி என்றால் பழுப்பாக ஒட்டும். பால் என்றால் நாற்றம். மழைத்தண்ணீர் என்றால் ஓரத்தில் மட்டும் பச்சை. இத்தனை தெரிந்தவன் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. வெளியே காட்ட ஆள் இல்லாததால் அது உள்ளேயே வளர்ந்தது. 'படித்தவர்கள்தானே, தண்ணிக்கும் கரன்டுக்கும் ஆகாது என்று தெரியாதா' என்று மனதுக்குள் எல்லோரையும் திட்டுவேன். வாயைத் திறந்தால், "ஆயிடுச்சுங்க, எடுத்துட்டுப் போங்க" என்பதற்குமேல் வராது.

இப்படிப்பட்ட விஞ்ஞானி செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர், வேலை முடிந்த காரை எடுக்க வந்தவர், சாவியை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். என்ன என்று கண்ணாலேயே கேட்டேன். ஒன்றும் கட்டித் தரமாட்டீர்களா என்றார். பெரிய ரிப்பேர் முடித்த வண்டியை எலுமிச்சம்பழம்கூட இல்லாமல் வெளியே அனுப்புகிற கடையை அவர் பார்த்ததில்லையாம். இல்லை என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சிவப்புத் துணியில் ஒரு கைப்பிடி கல்லுப்பு, கொஞ்சம் படிகாரம், ஒரு மிளகாய் வற்றல், ஒரு துண்டு மஞ்சள் வைத்து இறுக்கி முடிந்து கொடுத்தாள். திருஷ்டி முடிச்சு. மறுநாள் திரும்பி வந்து அந்த ஆள் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அதுவே கடையின் வழக்கமாகிவிட்டது. அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி பார்த்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு கட்டிவைப்பாள்.

மற்றவர்கள் இதை முன் பம்பரில் ஊர் பார்க்கக் கட்டுவார்கள். எனக்கு அது வெட்கம். போர்டு வேலை செய்கிறவன் முடிச்சுக் கட்டுகிறான் என்று பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சிரிப்பார். அதனால் யார் கண்ணிலும் படாத இடமாக, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு உள்ளே கட்டுவேன். அங்கே கட்டுவதற்குத் தோதாக ஒரு இரும்புப் பட்டை இருக்கும். கம்ப்யூட்டர் பெட்டியைத் தாங்குகிற பட்டை. வேலை செய்த இடத்துக்கே காவல் வைத்தது போலவும் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அடி அண்ணாமலையிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்ன வேன் வரும். ஓட்டுவது ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். எல்லோருக்கும் அவர் வேன்காரம்மா. வீட்டுக்காரர் கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய், வீட்டோடு இருக்கிறார். அதற்குப் பிறகுதான் இவர் லைசென்ஸ் எடுத்தார். அந்த வேன் ஓடினால்தான் அந்த வீடு ஓடும்.

முதல் தடவை வேன் வந்தது ஆவணியில். ஒரு பிள்ளை சத்துமாவுப் பால் பாட்டிலை மூடாமல் டாஷ்போர்டில் வைத்துவிட்டதாம். சுலபமான வேலை. சுத்தம் செய்து, முடிச்சும் கட்டிக் கொடுத்தேன். வேன்காரம்மா கையை உள்ளே விட்டு முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படித் தொட்டுக் கும்பிட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலை வேன் பிள்ளைகளோடு கிரிவலப் பாதையில் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் பின்களெல்லாம் பச்சை, ஓரங்களில் வெள்ளையாக ஏதோ பொரிந்திருந்தது. அன்று எனக்குப் பேச்சு வந்தது, அதுதான் கொடுமை. வண்டியை உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தாலே போதும் என்று மூன்று நிமிடம் பாடம் நடத்தினேன். அவர், தான் கழுவவே இல்லை என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிற மாதிரி நான் சிரித்துக்கொண்டேன். பழைய முடிச்சு கசங்கியிருந்ததால், அவர் மனம் ஆறட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே ஒன்று கட்டி அனுப்பினேன்.

அது மூன்று வாரம் தாங்கியது. கார்த்திகை தீபத்துக்குக் கொடியேற்றும் முன்பாக, ஊரே தடுப்புக் கட்டையும் பந்தலுமாக அடைத்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, பேருந்து நிலையம் போகும் வழியில் வேன் நின்றது. பின்னால் நின்ற பஸ்காரர்கள் ஆரன் அடித்ததில் சின்னப் பிள்ளைகள் அழுதிருக்கின்றன. பெற்றோர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இரண்டு வீட்டார் அன்றைக்கே வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பெரிய மனது பண்ணி, வண்டிக்கு என்ன கோளாறு, இனி வராது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளையிலிருந்து யாரும் ஏற மாட்டார்கள் என்று எழுதிவிட்டார்கள். வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்த வேன்காரம்மா அதை எனக்குப் படித்துக் காட்டினார்.

நான் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். விரல் ஈரமானது. மழைத்தண்ணீர் இவ்வளவு வழவழப்பாக இருக்காது. டார்ச் அடித்துப் பார்த்தேன். என் முடிச்சு, பெரிதாகக் கட்டிய அந்த முடிச்சு, நன்றாக ஊறி, சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் நேராகக் கம்ப்யூட்டரில் ஒயர் சொருகுகிற கனெக்டர் மேல் விழுந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. விரலை நாக்கில் வைத்தேன். உப்பு.

மழைக்காலத்தில் கல்லுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும் என்று சமையலறையில் ஜாடி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் வீட்டு உப்பு ஜாடியை நான்தான் வெயிலில் வைத்து எடுப்பேன்.

"இன்னாண்ணா?" என்றார் வேன்காரம்மா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ஈரம்" என்றேன். முழுப் பொய் இல்லை.

அவரை டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு, போர்டைக் கழற்றி, முடிச்சை அறுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். பை நனைந்தது. மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவள் மெதுவாகப் பேசுகிற வழக்கம் இல்லாதவள்.

"ஏங்க, மூட்ட கட்டுனதுதான் நானு. எங்க மாட்டப் போறீங்கனு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? எங்கம்மா வூட்ல வாசப்படிக்கு மேல கட்டுவாங்க. அடுப்புல கொதிக்கிற குழம்புக்கு மேலயா கட்டுவாங்க?"

சத்தம் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "சொல்லிடுங்க அந்தம்மாகிட்ட" என்று சொல்லிப் போய்விட்டாள்.

சொல்லத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. முடிச்சைத்தான் எடுத்துவிட்டேனே. போர்டைச் சுத்தம் செய்து, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து, கனெக்டரை மாற்றிவிட்டால் வேன் இனி நிற்காது. ஈரம் இறங்கியது, அடைத்துவிட்டேன் என்றால் கதை முடிந்தது. யார் மேலும் பழி இல்லை. இதைவிட நாகரிகமான முடிவு உண்டா? நான் அவ்வளவு அக்கறையாக ஒரு போர்டையும் அதுவரை தேய்த்ததில்லை. ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாகத் துடைத்தேன். மூன்று கோடு அரித்துப்போயிருந்தது. மூன்றுக்கும் கம்பி ஓட்டி, டிரையர் சூடாகி நாற்றம் வருகிறவரை காயவைத்தேன். நாலு மணிக்கு வேன் முதல் சாவியிலேயே கிளம்பியது.

வேன்காரம்மா ஏறி உட்கார்ந்தார். வழக்கம்போலக் கையை டாஷ்போர்டுக்கு அடியில் விட்டார். துழாவினார். சாவியை அணைத்துவிட்டு இறங்கினார்.

"இன்னாண்ணா, முடிச்சக் காணோம்?"

"பரவால்லீங்க, தேவையில்ல" என்றேன்.

"தேவையில்லன்னா? அது இருந்தே வண்டி இந்த லட்சணம். இல்லாம எடுத்தா தெரு முனையத் தாண்டுமா? இந்த வாட்டி ரெண்டா கட்டுங்க. ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு புள்ளைங்களுக்கு."

"அதாலதாங்க நின்னுச்சு."

"எதால?"

"முடிச்சால."

"அதாண்ணா நானும் சொல்றேன். சக்தி கம்மியாயிடுச்சு. புதுசு கட்டுங்க."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த ஈர மூட்டையை எடுத்துப் பிழிந்தேன். மேசை மேல் தண்ணீர் வடிந்தது. அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வைத்துப் பார்த்தார். பழைய கனெக்டரைக் கையில் கொடுத்தேன். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குச் சொட்டியது என்று விரலால் காட்டினேன். ஐப்பசியில் நின்றதும் இதனால்தான் என்றேன். பால் கொட்டினது மட்டும்தான் என் வேலை இல்லை என்பதையும், எதற்கோ, சேர்த்துச் சொன்னேன்.

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே இந்தப் பக்கம் திரும்பினார். வேன்காரம்மா கனெக்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெனம் காலைல அத்தத் தொட்டுக் கும்புட்டுத்தாண்ணா சாவி போட்டேன்" என்றார். "வண்டிய நான் கழுவுலனு சொன்னதுக்கு அன்னைக்கு சிரிச்சீங்களே."

தப்புதான் என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகம், அவ்வளவு மெதுவாக வந்தது.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்தார். பெற்றோர் குழுவைத் திறந்தார். தான் சொன்னால் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள் என்றார்.

"நீங்களே சொல்லுங்க" என்று போனை என் வாய்க்கு நேராக நீட்டிப் பொத்தானை அழுத்திக்கொண்டார்.

என் கல்யாணத்தில்கூட மைக்கில் நன்றி சொல்ல என் மைத்துனர்தான் போனார். போன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"வணக்கங்க. நான் வேன் ரிப்பேர் பாக்கறவன். வண்டி மேல தப்பு இல்லீங்க. ஓட்டறவங்க மேலயும் இல்லீங்க. கம்ப்யூட்டர் பெட்டி மேல உப்பு முடிச்சு கட்டிட்டேன். உப்பு தண்ணி வுட்டு போர்டு கெட்டுப்போச்சு. நான்தான் கட்டுனேன். எடுத்துட்டேன். இனிமே அதால நிக்காதுங்க."

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் என் குரல் குழுவுக்குப் போய்விட்டது. திருப்பி வாங்க முடியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் வேன்காரம்மா சத்தமாகப் படித்தார். டீக்கடையில் புதிதாக ஒருவரும் டீ கேட்கவில்லை, எழுந்தும் போகவில்லை. நாலைந்து பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். ஒரு அப்பா, கல்லுப்பா தூள் உப்பா என்று கேட்டிருந்தார். அந்த விவரம் அவருக்கு எதற்குப் பயன்பட்டதோ. ஒரு அம்மா, உண்மையைச் சொன்னவரை நம்பலாம், நாளைக்குப் பிள்ளையை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். வேன்காரம்மா அதை இரண்டு தடவை படித்தார். இன்னொருவர் சாமி விஷயத்தில் விளையாடியதற்குத்தான் இந்தத் தண்டனை என்றும், முடிச்சை எடுத்தது அதைவிடப் பெரிய தப்பு என்றும் எழுதினார். அதற்குக் கீழே ஒருவர்: 'எங்கள் காருக்கும் இவர்தான் கட்டினார்.' அதற்குக் கீழே இன்னொருவர்: 'எங்கள் ஆட்டோவுக்கும்.'

அங்கே படிப்பதை நிறுத்தி, அவர் என்னைப் பார்த்தார்.

"எத்தன வண்டிக்குண்ணா கட்டியிருக்கீங்க?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. இரண்டு வருடமாகக் கடையைவிட்டு வெளியே போன ஒரு வண்டியையும் நான் வெறுமனே அனுப்பவில்லை. என்னிடமே திரும்பத் திரும்ப வந்த வண்டிகளை நினைத்துப் பார்த்தேன். அந்த உருளி டாக்ஸிகூட இரண்டாவது தடவை வந்தது. உருளியை எடுத்த பிறகு. அந்த மனிதரையும் நான் நம்பாமல் சிரித்தேன்.

வேன்காரம்மா வேனில் ஏறினார். பழக்க தோஷத்தில் கை டாஷ்போர்டுக்கு அடியில் போய், பாதியில் நின்று, திரும்பி வந்து சாவியைத் திருகியது. வேன் தெரு முனையைத் தாண்டியது. பஞ்சர் கடைக்காரர் சொன்னார், டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல்: "அவ்ளோ நல்லா பேசறியே, இத்தன வருசமா ஏன் வாய மூடிக்கினு இருந்த?"

மறுநாள் காலை தூறல் இருந்தது. வேன் எங்கும் நிற்காமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. பிரிந்துபோன இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஏறவில்லை, மற்ற எல்லாப் பிள்ளைகளும் ஏறினார்கள். நான் கடையைத் திறந்தபோது ஆறு வண்டிகள் முடிச்சை அவிழ்க்க நின்றிருந்தன.